சேர்க்கும் முன்

மாமல்லபுரத்து ஐந்து ரதங்களில் ஒட்டே கிடையாது. 7ஆம் நூற்றாண்டில் பாறையிலேயே செதுக்கியவை. நின்ற இடத்தில் நிற்கின்றன. ஓட வேண்டிய வண்டிக்கோ ஒட்டுதான் உயிர்.

சொந்தமாக ஸ்போர்ட்ஸ் கார் கட்டுபவர் சேஸிஸ் தகட்டை எடுத்ததும் முழு வெல்டிங் வைப்பதில்லை. துரு போகத் தேய்த்து, மூலைமட்டம் பார்த்து, அங்கங்கே டேக் என்னும் சிறு பற்று வைத்து, மறுபடி அளந்த பிறகே முழுப் பற்று. ஒரே பக்கம் சூடு ஏறினால் தகடு கோணும். பக்கம் மாற்றி மாற்றி வைத்தால் நேராக நிற்கும். தேய்த்து மினுக்கினால் பார்வைக்கு அழகு. உள்ளே உருகிப் பிடிக்காத இணைப்பு பள்ளத்தில் விட்டுப்போகும்.

உறவானாலும் கூட்டுத்தொழிலானாலும் சேர்க்கும் முன் துருவை நீக்குங்கள்; இறுக்கும் முன் அளந்து பாருங்கள்.