கண்ணில் வளர்ந்த சதை

கண்டமங்கலத்தில் எங்கள் பக்கத்து நிலத்துக்காரர், இளவயதுக்காரர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். ஊரைத் தவிர அவரைக் காட்டிக்கொடுக்கும் எல்லாவற்றையும் மாற்றிவிட்டுத்தான் எழுதுகிறேன். கருவிழியை ஒட்டி வெள்ளையாக ஒரு திட்டு வந்தது. "கண்ல சதை வளருதுப்பா, மல்லாட்டை புடுங்கி முடிச்சிட்டுப் பாத்துக்கலாம்" என்றார். வெயிலில் காய்கிறவர்களுக்கு இது எங்கள் பக்கம் புதிதில்லை. மல்லாட்டை முடிவதற்குள் திட்டு கருவிழி மேலேயே ஏறிவிட்டது.

மருத்துவமனைக்கு நான்தான் காரில் கூட்டிப்போனேன். அண்ணியும் வந்தார். புற்றுக்கட்டியாக இருக்கலாம், எடுத்துப் பார்க்கணும் என்ற டாக்டர், அடுத்த வாக்கியத்திலேயே "எச்.ஐ.வி. டெஸ்ட்டும் எடுத்திடுங்க" என்றார். அண்ணி பக்கத்திலேயே நிற்கிறார். நான் எதற்கு அந்த அறையில் இருந்தேன்?

டாக்டர் அதைச் சொன்னது தப்பில்லை. ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனை மருத்துவர்கள் 2017ல் 60 பேரைப் பற்றி எழுதினார்கள். அவர்களுக்கு எச்.ஐ.வி. இருப்பதற்கான முதல் அடையாளமே இந்தக் கண்கட்டிதான். சொல்லாமல் விட்டால் அண்ணனுக்கு மாத்திரை தள்ளிப்போகும். சொன்ன இடம்தான் தப்பு.

இந்தக் கட்டிக்கு ஒற்றைக் காரணம் கிடையாது. வெயிலின் புற ஊதாக் கதிர் செல்லின் டி.என்.ஏ.வைச் சிதைக்கிறது. எச்.ஐ.வி. நேரடியாகக் கட்டியை உண்டாக்குவதில்லை, காவலை எடுத்துவிடுகிறது. எச்.பி.வி. வைரஸுக்கும் பங்கிருக்கலாம் என்ற சந்தேகம் உண்டு. சில ஆய்வுகளில் அது கட்டிக்குள் அகப்படுகிறது, சிலவற்றில் இல்லை. கர்ப்பப்பைவாய்ப் புற்றில் அதன் பங்கைக் காட்டிய ஹரால்ட் ஸுர் ஹாவ்சனும், எச்.ஐ.வி.யைக் கண்டுபிடித்த இருவரும் 2008ல் ஒரே நோபல் பரிசைப் பகிர்ந்தார்கள்.

ஆபீஸில் சர்வர் விழுந்தால் 'யார் செய்தது' என்று கேட்கக்கூடாது, 'எதெல்லாம் சேர்ந்து விழவைத்தது' என்றுதான் கேட்கவேண்டும். பத்து வருஷமாக அந்த மீட்டிங்கில் உட்கார்ந்தவன் நான். ஆனாலும் அந்த அறையில் என் மனசு முதலில் கேட்டது, 'எங்க போயிருப்பார்?' வெயிலைப் பற்றி அப்படி ஒரு கேள்வி எழவே இல்லை, அதுவும் காரணம்தான் என்றாலும். இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் தெரியவந்தது 1986ல், சென்னையில். சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் சோதித்தது பாலியல் தொழிலாளர்களின் ரத்தத்தை. கிருமியோடு ஒழுக்கமும் அன்றே சேர்ந்து ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது.

சம்மதம் வாங்காமல் சோதிக்கக்கூடாது, முடிவை வெளியே சொல்லக்கூடாது என்கிறது 2017ஆம் வருஷத்துச் சட்டம். ஆனால் அண்ணி? ரகசியம் அவர் உடம்பையும் தொடுகிறதே. துணைக்கு ஆபத்து இருந்தால், நோயாளிக்கு ஆலோசனை தந்து, முன்கூட்டிச் சொல்லிவிட்டு, மருத்துவர் துணையிடம் நேரில் தெரிவிக்கலாம் என்று அதே சட்டம் வழிவிடுகிறது. யோசித்து எழுதியிருக்கிறார்கள். தெரிந்தாகவேண்டியவர் அண்ணி. எனக்கு அந்த உரிமை துளியும் கிடையாது, காரும் டீசலும் என்னுடையது என்பதைத் தவிர.

திரும்பி வரும்போது அரியூர் தாண்டியதும் அண்ணன் கேட்டார்: "வெயில்லகூட வரும்தானேப்பா?"

"வரும்ண்ணே."

உண்மைதான் சொன்னேன். பின்சீட்டில் அண்ணி ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார்.

கட்டியை எடுத்தாகிவிட்டது. இந்த வருஷமும் மல்லாட்டை போட்டிருக்கிறார். கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு கொல்லைக்குப் போகிறார். டெஸ்ட் எடுத்தாரா, என்ன வந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றாமல் இல்லை.