கைவிடுதலும் கையளித்தலும்

ஓய்வுப்பொழுதின் பொருட்டு மக்கள் மேற்கொள்ளும் பயிற்சிகள் பலவாம். வீணை பயில்வானொருவன் அதனை உறையிலிட்டு ஓராண்டு தொடாதிருப்பின், அதன் நரம்பு பழுதுறுமேயன்றி வீணை பசித்து வாடுவதில்லை. பழைய நாணயந் தொகுப்பானுக்கும் இஃதொக்கும். கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்பானுடைய நிலை வேறு. அவன் விரும்பியது ஒரு காட்சி. விலைகொடுத்து வாங்கியதோ உயிர். காட்சி வேண்டாவாயின பொழுதும் உயிர் அங்கேயே நின்று அவன் கையை எதிர்நோக்குகின்றது. ஆகவே பணிமாற்றம், பிணி, மகப்பேறு, வறுமை, முதுமை, துறவு என்றிவற்றுள் ஒன்றால் வாழ்க்கை வேறுபட்டு, 'இனி இதனை நடத்தல் ஒல்லாது' என்னும் நிலை வந்துழி, அவன் செய்யற்பாலது யாது என்பது ஆராயத்தக்க அறவினாவேயாம். சிறுபொருள் பற்றியதென இதனை இகழற்க. சென்னைக் கொளத்தூர் வண்ணமீன் வாணிகத்திற்கே பெயர்பெற்றுவிட்டது. நம் அன்பர் மனைகள் பலவற்றிலும் இத்தொட்டிகள் காணப்படுகின்றன.

பொன்மீனைச் சீனர் பல நூற்றாண்டுகட்கு முன்னரே வளர்த்தனர். கண்ணாடிக் கலத்துள் நீர்ச்செடியோடு மீன் வளர்க்கும் இவ்வழக்கமோ அண்மைக்காலத்தது. இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் மீனில்லம் திறக்கப்பெற்றது 1853-இல் ஆகும். பிற வரலாறு ஈண்டு வேண்டா.

மாணாக்கர் ஒருவர், வடநாட்டிற்குப் பணிமாற்றம் பெற்றவர், அண்மையில் எம்பால் வந்து, "ஐயா, தொட்டியிலுள்ள மீன்களைத் திருக்குளத்தில் விட்டுவிடலாமன்றோ? சிறையிலிருந்தவற்றுக்கு விடுதலை நல்கிய புண்ணியமும் உண்டாகுமே" என வினவினார். வினாவின் முற்பகுதி இயல்பானது. பிற்பகுதியே எம்மைக் கவலச் செய்தது. தன் சுமையை இறக்கிவைப்பான் ஒருவன் அதனையே தருமமெனக் கணக்கெழுதிக்கொள்ளுதல் எங்ஙனம் பொருந்தும்?

தமிழில் 'விடுதல்' என்னுஞ் சொல் பல பொருட்கு உரியது. பற்று விடுதலும் விடுதலே; சிறை விடுதலும் விடுதலே; கைவிடுதலும் விடுதலே. முதலது துறவு, இரண்டாவது அருள், மூன்றாவது குற்றம். சொல் ஒன்றாயிருத்தலின், மூன்றாவதைச் செய்வார் முதலிரண்டன் பெயரால் அதனைப் போர்த்திக்கொள்ளுதல் எளிதாகின்றது. எது எதுவெனத் துணிதற்கு, விடப்பட்ட உயிர் அதன்பின் என்னாயிற்று என்று நோக்குதலே வழி. விட்டவன் மனம் இலேசாயிற்றா என்று நோக்குதல் வழியன்று.

தொட்டிமீன் என்னாகும்? தலைமுறை தலைமுறையாகத் தொட்டியிற் பிறந்து, வேளைதோறும் ஒருவர் இட்ட உணவையே உண்டு வளர்ந்த மீன், இரை தேடவும் பகைக்கு ஒளிக்கவும் பழகியதன்று. எந்நிறத்திற்காக அதனை வாங்கினோமோ அந்நிறமே கொக்கிற்கும் மீன்கொத்திக்கும் அதனைக் காட்டிக்கொடுக்கும். இது பெரும்பான்மை. சிறுபான்மை இறவாது பிழைத்துப் பெருகும். அதனால் வருங் கேடு இதனினும் பெரிது. தொட்டியின் பாசியை நக்கித் தூய்மை செய்யுமென்று 'டேங்க் கிளீனர்' என்னும் பெயரால் கடைகளில் விற்கப்படும் மீன் தென்னமெரிக்க நாட்டது. விரலளவாக வாங்கப்படுவது, ஓரடிக்கு மேலும் வளர்ந்து தொட்டி கொள்ளாதாகவே, பலர் அதனை ஏரியிலும் ஆற்றிலும் விட்டனர். எலும்புத் தகடு போர்த்த உடலினதாகிய அது, கரையிற் குழி பறித்து முட்டையிடும், வலையைக் கிழிக்கும், சந்தையில் விலைபோகாது. வங்கம், கேரளம், தமிழகம் ஆகிய நாடுகளின் நீர்நிலைகளில் இன்று அது பரவியுள்ளது. இனி, நம் கீழைக் கடல்களுக்குரிய சிங்கமீன் 1985-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாக் கரையருகே காணப்பட்டுப் பின்னர் அக்கடற்பரப்பெங்கும் பெருகிச் சிறுமீன்களைத் தின்றழிக்கின்றது. தொட்டி வளர்ப்போர் விட்டதே அதற்குக் காரணமென ஆய்வாளர் கருதுவர். ஒருயிர்க்குச் செய்த அருளென எண்ணியது அந்நீரில் முன்னரே வாழ்ந்த பல்லுயிர்க்குத் தீங்காய் முடிந்தவாறு காண்க. அவ்வேரியை நம்பிய வலைஞர் குடிக்கும் அது தீங்கே.

அற்றேல், நாகைக் கடற்கரை நுளைப்பாடியில் வாழ்ந்த அதிபத்த நாயனார் நாடோறும் தலைமீனைக் கடலில் விட்டாரன்றோ, அதனைப் பெரியபுராணம் போற்றிற்றன்றோ எனின், அறியாது வினவினாய். நாயனார் விட்ட மீன் அக்கடலிற் பிறந்து அக்கடலில் வாழ்ந்து அன்றே வலைப்பட்டது. அதற்குரிய நீருக்கே அது மீண்டது. அன்றியும், அவர் தமக்கு வேண்டாத மீனை விட்டாரல்லர். அகப்பட்டவற்றுள் தலையாயதனை, வறுமையுற்ற காலத்தும், ஒன்றே அகப்பட்ட நாளினும், இறைவர்க்கென விட்டார். தமக்கு வேண்டுவதை விடுதல் அவர் செயல். தமக்கு வேண்டாததை விடுதல் இவர் செயல். இரண்டற்கும் கையசைவு ஒன்றாதல் பற்றி இரண்டும் ஒன்றாமோ?

இம்மயக்கம் மீனளவில் நிற்பதன்று. பால் வற்றிய பசுவைக் கோயில் வாயிலிற் கொணர்ந்து கட்டி, கோதானம் செய்தேமென மகிழ்ந்து போவாரை நம் திருக்கூட்டத்தார் அறிவர். வைக்கோலுக்கு வழி யாது, பார்ப்பார் யாவர் என அவர் கேட்பதில்லை. கேட்டால் விடை அறிய நேரிடும். அறிந்தால் போதல் அரிதாகும்.

ஆயினும், பசுவுக்கு ஒரு நலனுண்டு. பசித்தால் அது கதறும், நாய் குரைக்கும், கிளி கூண்டைக் கொத்தும். மீனுக்குக் குரலில்லை. நீர் நஞ்சாயினும் ஓசையின்றியே வாடி ஓசையின்றியே இறக்கும். மீன் தன் முட்டையை நோக்காற் பொரிக்கும் என்பது ஆசிரியனது நயன தீக்கைக்கு நம்மனோர் கூறிவரும் உவமை. இக்கால உயிர்நூலார் அதனை அவ்வாறே கொள்ளார். எனினும், மீன்களுட் சில முட்டையருகே நின்று துடுப்பசைத்து நீரோட்டந் தருதலையும், சில குஞ்சுகளை வாயினுள் வைத்துக் காத்தலையும் அவர்களே கூறுவர். தொட்டியிலோ நோக்குங் கடன் வளர்ப்பான்மேல் வந்துவிடுகின்றது. துடுப்பு ஒடுங்கியதும், மேற்பரப்பில் வாய் திறந்து மூச்செறிவதும் அவன் நோக்கினாலன்றிப் பிறிதொன்றால் அறியப்படா. அந்நோக்கு வேறு கவலைகளாற் பறிபோயின அன்றே, தொட்டி கூடத்தில் நின்றாலும், அவன் மீன்களை ஒருவாறு கைவிட்டவனே ஆகின்றான்.

இதனைச் சிறிது விரித்தல் வேண்டும். விடுவாரினும் விடமாட்டாதாரே பலர். நீர்க்குடம் தூக்க இயலாத முதியர், நோயாளரைக் காக்கும் மகளிர், இரவுப்பணி ஏற்றோர் ஆகிய இவர்கள், 'இத்தனை ஆண்டு வளர்த்ததை எங்ஙனம் பிறர்க்குக் கொடுப்பேன்' என்று இரங்கி, நீர் மாற்றாது, கலங்கிய தொட்டியை வைத்திருப்பர். அவர் இரக்கம் பொய்யன்று. அதனை யாம் இகழேம். ஆயின் அவ்விரக்கத்துள் 'எனது' என்னும் முனைப்புப் பெரும்பகுதி கலந்துள்ளது. மீனுக்கு வேண்டுவது தூய நீரும் உணவும் நோக்கும். இன்னார் தருதல் வேண்டுமென்பது அதற்கில்லை. இவற்றைத் தரவல்லார் கையில் ஒப்புவித்தலே, அடைக்கலப்பொருளை வைத்திருந்தான் தளர்ந்தபோது தக்கான்பால் சேர்ப்பித்தலை ஒக்கும். இதனையே கையளித்தல் என்கின்றேம். நாணுதற்கு இதில் ஒன்றுமில்லை. துறவு மேற்கொள்வானும் தன் பெற்றோரையும் மனைமக்களையும் காப்பார்க்கு வழிசெய்த பின்னரே செல்லுதல் முறையாதலை நினைக.

இனி, முற்றும் விடாது சிலகாலம் நிறுத்திவைக்கலாமோ எனின், பயிற்சியை நிறுத்தலாம். உயிரை நிறுத்திவைத்தல் ஆகாது. சின்னாட் பயணத்திற்கு அஞ்சவேண்டா. நலமுள்ள வளர்ந்த மீன் சில நாள் உணவின்றி இருக்கும். அயலாரிடம் உணவுப்புட்டியை ஒப்புவிக்க, அவர் அன்பு மிகுதியால் அதனை வாரிக் கொட்ட, நீர் அழுகி மீன் மாண்டமையே பலவிடத்தும் கேட்கப்படுகின்றது. வேளைக்கு வேளை தனிப்பொட்டலமாகக் கட்டிக்கொடுத்தல் நன்று. வடிகட்டியை மட்டும் நிறுத்தலாகாது. மீனின் கழிவிலுள்ள அம்மோனியா என்னும் நஞ்சை நைட்ரைட்டாகவும், அதனைப் பின் தீமை குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் அதன்கண் குடியிருக்கின்றன. ஓடும் நீர் நின்றால் சில மணிநேரத்தில் அவை மூச்சற்று மடியத் தொடங்கும். புதிதாகக் குடியேற நான்கு முதல் ஆறு கிழமை செல்லும்.

வாழ்க்கை மாறப்போவது முன்னரே தெரியுமாயின், புதிய மீன் வாங்காது நின்று, உள்ளவற்றை அவற்றின் ஆயுள்வரை காத்துக் கழித்தல் ஒரு நெறி. கப்பி மீனுக்கு இரண்டு மூன்றாண்டு. ஃபைட்டர் மீனுக்கு ஏறக்குறைய மூன்றாண்டு. பொன்மீனுக்கு இது செல்லாது. நன்கு காக்கப்பெறின் அது பத்து, இருபது ஆண்டும் வாழும். இங்கிலாந்தில் 1956-இல் திருவிழாவொன்றிற் பெற்ற பொன்மீன் 1999 வரை, நாற்பத்துமூன்றாண்டு, வாழ்ந்தது. வாங்குவானுடைய வயதையும் கூட்டிப் பார்த்தே அதனை வாங்குதல் வேண்டும். கடைக்காரர் இதனைச் சொல்லார்.

அம்மாணாக்கர்க்கு யாம் கூறியது இது: வாங்கிய கடையிற் கேட்க, அவர் கொள்ளாராயின் தொட்டி வைத்திருக்கும் பள்ளியையோ, நன்கு வளர்க்கும் வேறொருவரையோ நாடுக. கொடுக்குங்கால் விலை பெறினும் குற்றமில்லை, பெறாவிடினும் சிறப்பில்லை. எம்மீன் எத்துணை வளரும், எதனோடு பொருந்தாது, எத்தனை நாட்கொருமுறை நீர் மாற்றப்பெற்றது என்பவற்றை எழுதிக் கொடுக்க. வடிகட்டியினுள் இருக்கும் பஞ்சையும் உலரவிடாது, தொட்டிநீரில் நனைத்தபடியே உடன் கொடுக்க. எஞ்சிய நீரையும் செடிகளையும் வாய்க்காலில் ஊற்றற்க. நத்தையின் முட்டையும் செடியின் துணுக்கும் அதனோடு போகும். தென்னமெரிக்காவிலிருந்து பூவழகிற்கென வந்த ஆகாயத்தாமரை நம் ஏரிகளை மூடிக்கிடத்தலை நாளும் காண்கின்றோம். செடிகளை வெயிலில் உலர்த்தி எருவிற் சேர்க்க. நன்னீர்த் தொட்டியின் நீர் வாழைக்கும் தென்னைக்கும் நல்லுரமாம், கொல்லையில் ஊற்றுக.