அடுக்களையில் ஆடுபவன்

ஹைதராபாத். ராமச்சந்திராபுரம். இரவு. மும்பை நெடுஞ்சாலையில் லாரிகள் போகின்றன. ஜன்னல் கம்பி லேசாக அதிர்கிறது.

திரையில் ‘சாகர சங்கமம்’. 1983. கே. விஸ்வநாத்.

மனத்தில் அது ‘சலங்கை ஒலி’யாகவே இருக்கிறது. இங்கே தெலுங்கில் ஓடுகிறது. வசனம் வேறு. கால் அதே கால்.

*

கல்யாண வீடு. மஞ்சு பார்கவி ஆடுகிறார். வெளிச்சம். உட்கார்ந்து பார்க்கும் கூட்டம்.

பின்கட்டில் சமையல். தியாகராஜரின் அடாணா ராகக் கீர்த்தனை சுவரைத் தாண்டி வருகிறது. பாலுவின் உடம்பு அதைக் கேட்டுவிடுகிறது.

பாலுவாகக் கமல்ஹாசன் அடுக்களையில் ஆடுகிறார். அண்டா, கரண்டி, புகை. மேடையில் நடக்கும் அதே ஆட்டம். பார்ப்பதற்குத்தான் யாரும் இல்லை.

கண் அடுக்களையிலேயே நிற்கிறது. மண்டபத்துக்குத் திரும்ப மனமில்லை.

*

மூச்சு உள்ளே வருகிறது. பாட்டு முடிந்திருக்கிறது.

*

டில்லியில் நாட்டிய விழா. அழைப்பிதழைப் பாலுவிடம் அவன் தோழி மாதவி கொடுக்கிறாள். அவன் புரட்டுகிறான். பெரிய கலைஞர்களின் படங்கள். பக்தியோடு பார்க்கிறான். அடுத்த பக்கம்.

அவனுடைய படம்.

அந்த முகம். சிரிப்பா, அழுகையா. இரண்டும் வரும் வழியில் நிற்கின்றன.

அம்மா இறக்கிறாள். விழாவில் அவன் ஆடவில்லை.

அழைப்பிதழில் படம் மட்டும் இருக்கிறது.

*

தண்ணீர் குடிக்கிறேன். தொண்டையில் குளிர்ச்சி. தெருவில் நாய் ஒருமுறை குரைக்கிறது.

*

கிணறு. மழை. வருடங்கள் கழிந்திருக்கின்றன. பாலு குடித்திருக்கிறான். கிணற்றின் மேல் ஆடுகிறான். உடம்பு தடுமாறுகிறது. தாளம் தடுமாறவில்லை.

எஸ்.பி.பி.யின் குரல். இளையராஜாவின் தாளம். இருவருக்கும் இந்தப் படத்துக்காகத் தேசிய விருது. இந்த மழையில் விருது நினைவில் நிற்கவில்லை.

மாதவியின் நெற்றியில் குங்குமம். அது கரையக் கூடாதென்று கையை விரித்து மறைக்கிறான். அவள் கணவன் உயிரோடு இல்லை. அது பாலுவுக்குத் தெரியாது.

ஆடிய கை அசையாமல் நிற்கிறது.

இதைவிட நல்ல அபிநயம் வேறெந்தப் படத்திலும் பார்த்த நினைவில்லை.

*

விஸ்வநாத் சென்னை வாஹினி ஸ்டுடியோவில் ஒலிப்பதிவாளராகத் தொடங்கியவர். முதலில் காது. பிறகுதான் கண்.

*

அவருடைய ‘சங்கராபரணம்’ வெளியானது 1980 பிப்ரவரி 2. விஸ்வநாத் மறைந்தது 2023 பிப்ரவரி 2. இதே ஹைதராபாத்தில்.

இரண்டு தேதிகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அப்படியே இருக்கட்டும்.

*

விஸ்வநாத்தின் ‘சிரி சிரி முவ்வா’. 1976. ஜெயப்பிரதா. வாய் பேசாத பெண். ஆடுகிறாள்.

அதற்கும் முன்னே, உதய்சங்கரின் ‘கல்பனா’. 1948. சென்னை ஜெமினி ஸ்டுடியோ. வசனம் குறைந்த இடங்களில் நிழல்கள் நீளமாக ஆடுகின்றன.

கால் மரத்திருக்கிறது. நீட்டிக்கொள்கிறேன். இரத்தம் மெல்லத் திரும்புகிறது. எறும்பு ஊர்வது போல.

*

மறுபடி விஸ்வநாத். ‘ஸ்வர்ண கமலம்’. 1988. பானுப்ரியா.

அப்பா குச்சிப்புடி ஆசான். மகள் மீனாட்சிக்கு ஆட்டம் வேண்டாம். நல்ல வேலை வேண்டும், நல்ல வீடு வேண்டும். கோபமாக ஆடுகிறாள். அடவு சரியாகவே விழுகிறது.

அவள்மேல் குறை தோன்றவில்லை. அவள் கேட்பது நியாயமாகவே இருக்கிறது.

ஓட்டல் வேலைக்குப் போகிறாள். முகத்தில் புதுச் சந்தோஷம்.

படம் பாதிதான் ஆகியிருக்கிறது.