நான்காவது போல்ட்

மோட்டார் சைக்கிள் இன்ஜினின் டாப்பெட் கவரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் நான்கு. தொழிற்சாலையில் அவற்றை முறுக்கி முடித்ததும், போல்ட்டின் தலையிலிருந்து கவர்வரை பெயின்டால் குறுக்கே ஒரு கோடு போட்டிருந்தார்கள். பிறகு யார் திருகினாலும் கோடு இரண்டாகப் பிரிந்து காட்டிக்கொடுத்துவிடும். நான் வாங்கிய வண்டியில் மூன்று போல்ட்டுகளின் வெள்ளைக் கோடு அப்படியே இருந்தது. எக்ஸாஸ்ட் பக்கத்து நான்காவதில் மட்டும், தலைமேல் இருந்த பாதி கவரில் இருந்த பாதியை விட்டுக் கால் சுற்று விலகி நின்றது.

நீண்ட பயணத்துக்கென்றே செய்யப்பட்ட ஒற்றைச் சிலிண்டர் வண்டி. நாற்பதாயிரம் கிலோமீட்டர் தாண்டியது. சர்வீஸ் புக் இல்லை. ஆர்சி புக்கின்படி நான் மூன்றாவது ஆள். விற்றவர் நல்ல மனிதர். வாங்கிய பிறகும் போனை எடுத்துப் பேசுகிறார். போல்ட்டைப் பற்றிக் கேட்டேன். “நான் அதையெல்லாம் பார்த்ததே இல்ல சார். ஆயில் மட்டும் தவறாம மாத்துவேன். எனக்கு முன்னாடி என்ன நடந்துச்சோ!” என்றார். முதல் உரிமையாளரின் எண் இப்போது உபயோகத்தில் இல்லை.

பழைய வண்டி எல்லா விஷயத்திலும் ஊமை இல்லை. பின் டயரின் பக்கவாட்டில் 2319 என்று நான்கு இலக்கம் இருந்தது: 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் அந்த ரப்பருக்கு வயதாகிவிட்டது. பிரேக் ஆயில் பழுப்பாக இருந்தது. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். புதிய டாட் 4 ஆயில் 230 டிகிரிக்குக் கீழே கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறியதற்கு அந்த வரம்பே 155 டிகிரிதான். மலையிறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்தால் உள்ளே கொதித்துக் குமிழி கட்டி, லீவர் கைப்பிடிவரை தளர்ந்து வந்துவிடும். டயர், பிரேக் ஆயில், செயின் செட், ஃபில்டர்கள் எல்லாவற்றையும் மாற்றினேன். எங்கள் தெரு முனை மெக்கானிக் சொன்னார்: “தெரியாத வண்டின்னா, எதுவுமே செய்யலன்னு வச்சுக்கங்க. இன்னையில இருந்து கணக்கு.” இதைவிட நல்ல யோசனை இருக்க முடியாது. எனக்குத்தான் அது போதவில்லை.

ஏன் ஒரே ஒரு போல்ட்? டாப்பெட் பார்க்க வேண்டுமானால் நான்கையும் கழற்றியாக வேண்டும். ஒன்றை மட்டும் திருப்பி வால்வைத் தொட முடியாது. ஆயில் கசிந்து, யாரோ அந்த மூலையை மட்டும் இறுக்கியிருக்கலாம். கழற்றத் தொடங்கி, சிலிண்டர் சூடாக இருக்கிறது என்றோ வேறு வண்டி வந்துவிட்டது என்றோ பாதியில் விட்டிருக்கலாம். விட்டவர் பில்லில் ‘டாப்பெட் பார்த்தது’ என்று எழுதியும் இருக்கலாம். கோடு போட்டவரின் கை அந்த ஒன்றில் பிசகியிருந்தால், எதுவுமே நடக்கவில்லை என்றாகிறது.

இன்ஜின் ஓசை சுத்தமாக இருந்தது. அதுவும் நிம்மதி தரவில்லை. வால்வோடு உள்ள இடைவெளி கூடிய டாப்பெட் கடகடவென்று ஊரைக் கூட்டும். இடைவெளி குறைந்த டாப்பெட் சத்தமே போடாது. வால்வு உட்காரும் சீட் தேயத் தேய அந்த இடைவெளி அடைபடும். ஒருநாள் வால்வு முழுதாக மூடாது. எக்ஸாஸ்ட் வால்வின் சூடு பெரும்பாலும் சீட்டின் வழியேதான் இறங்க வேண்டும். மூடாத வால்வு மெல்லக் கருகும். அமைதியான இன்ஜின், நல்ல இன்ஜினாகவும் இருக்கலாம், கருகிக்கொண்டிருக்கும் இன்ஜினாகவும் இருக்கலாம்.

என் பெரியப்பாவுக்குக் கிணற்றடியில் ஒரு டீசல் இன்ஜின் இருந்தது. ஆயில் மாற்றிய நாளை பம்புசெட் அறைச் சுவரில் கரிக்கட்டையால் எழுதுவார்: ‘ஆவணி 12, ஆயில்.’ அதற்குக் கீழே அடுத்தது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அந்தச் சுவரைத் தொடவிடமாட்டார். பெரியம்மா வருஷா வருஷம் திட்டுவார், நல்ல நாளில் ஒரு சுவர் மட்டும் அழுக்காக நிற்கிறதே என்று. எழுத்துக்கூட்டக் கற்ற வயதில் நான் அந்தச் சுவரைத்தான் சத்தமாக வாசித்தேன். ஆனால் அதில் வருஷம் இருக்காது. எந்த ஆவணி என்பது அவருக்கு மட்டுமே தெரியும். அவர் போன பிறகு இன்ஜினை வாங்க வந்தவர் சுவரை நெடுநேரம் பார்த்துவிட்டு, இன்ஜினை ஒருமுறை ஓட்டிக் காட்டச் சொன்னார்.

அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் பிர்சிக் 1968-இல் மகன் கிறிஸ்ஸைப் பின்னால் உட்காரவைத்து மினசோட்டாவிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு மோட்டார் சைக்கிளில் போனார். அந்தப் பயணத்திலிருந்து பிறந்த புத்தகம் 1974-இல் வந்தது. படித்து வெகுகாலமாகிறது, மெக்கானிக் கடை வரும் பகுதி மட்டும் மறக்கவில்லை. ரேடியோவை அலறவிட்டுக்கொண்டு இளைஞர்கள் அவர் வண்டியைக் கண்டபடி பிரிக்கிறார்கள், டாப்பெட் கவரை உளியால் அடித்துக் கெடுக்கிறார்கள். உண்மையான கோளாறை அவரே பிறகு கண்டுபிடிக்கிறார்: ஹெட்டுக்கு ஆயில் போகும் பாதையில் 25 சென்ட் விலையுள்ள ஒரு சிறு பின் முறிந்திருந்தது. வேலையில் மனம் இல்லாமையே எல்லாவற்றுக்கும் காரணம் என்று அவர் நினைக்கிறார். அவர் அந்த முகங்களைப் பார்த்தார். அதனால் தீர்ப்புச் சொல்ல முடிந்தது. என் போல்ட்டைத் திருகியவருக்கு முகமே இல்லை. அக்கறையில் இறுக்கினாரா, அலட்சியத்தில் விட்டாரா? இரண்டுக்கும் கால் சுற்றுதான். பிர்சிக்கின் ஹோண்டா இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வரலாறு முழுக்கத் தெரிந்த அந்த வண்டியை இனி யாரும் ஓட்டப்போவதில்லை.

கடைசியில் கவரைத் திறக்கச் சொன்னேன். திறந்தால் கோடுகள் எல்லாம் போய்விடும், பிறகு எதையும் யூகிக்க முடியாது என்ற தயக்கம் கடைசி நிமிடம்வரை இருந்தது. மெக்கானிக் இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜைச் செருகி, இழுத்து, மறுபடி செருகிப் பார்த்தார். இரண்டு வால்வும் சரியான அளவில் இருந்தன. சந்தோஷப்பட்டேன், உண்மையாகவே. ஆனால் யாரோ கவனித்ததால் சரியாக இருக்கிறதா, யாருமே கவனிக்காமலும் இன்ஜின் தாங்கிக்கொண்டதா என்பதை ஃபீலர் கேஜ் சொல்லாது. வாழ்க்கையில் நமக்குக் கிடைக்கும் நல்லவற்றில் பாதிக்கு மேல் இப்படித்தான் என்று தோன்றுகிறது. யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாததால் நாம் அதை அதிர்ஷ்டம் என்று எழுதிவிடுகிறோம்.

இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். தேதி, வருஷம், கிலோமீட்டர், என்ன செய்தது, பில்லையும் ஒட்டிவைக்கிறேன். நான்காவது ஆள் வரும்போது கொடுக்க வேண்டும். அவர் என் கையெழுத்தை நம்புவாரா? அதற்கு அவருக்கு என்ன காரணம் இருக்கிறது? இன்ஜினை ஓட்டிக் காட்டத்தான் சொல்வார்.

அடுத்த மாதம் கொல்லிமலை. எழுபது கொண்டை ஊசி வளைவுகள், போக வர. தனியாகத்தான் போகிறேன். வண்டிமேல் நம்பிக்கை வந்ததால் போகிறேனா, சந்தேகப்பட்டு அலுத்துவிட்டதால் போகிறேனா என்று நண்பர் கேட்டார். எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.