பழியும் பொறுப்பும்

நோய்களுட் சில நோயாளிக்கு மற்றவர்களின் பரிவைத் தேடித் தருகின்றன. வேறு சில பழியைத் தேடித் தருகின்றன. குட்டமும் காசமும் ஒருகாலத்திற் பழிக்குரிய நோய்களாகவே இருந்தன. முன்வினைப் பயனென்றும் தீயொழுக்கத்தின் விளைவென்றும் அவை பேசப்பட்டன. அவற்றின் கிருமிகளை விஞ்ஞானம் கண்டு காட்டிய பின்னரே அப்பழி சிறிது சிறிதாக நீங்கலாயிற்று. இன்றும் பழி நீங்காத நிலைகளுள் ஒன்று உடற்பருமன். "வாயைக் கட்டத் தெரியாதவர்" என்ற ஒரு தொடரிலே உலகம் அதற்குக் காரணமும் கூறித் தீர்ப்பும் வழங்கிவிடுகின்றது.

அண்மைக் காலத்தில் இப்பருமனைக் குறைக்கும் சத்திரசிகிச்சை உலகின் பல நாடுகளிற் பரவி வருகின்றது. அதனைச் செய்துகொண்டவர்மீது பழி மூன்று முறை விழுவதைக் காண்கிறோம். பருமனாயிருந்தபோது, தன்னடக்கம் இல்லாதவர் என்பது முதற்பழி. சத்திரசிகிச்சைக்கு உடன்பட்டபோது, முயன்று குறைக்க மனமின்றிக் குறுக்குவழியை நாடினார் என்பது இரண்டாம் பழி. சில ஆண்டுகளின் பின் எடை சிறிது திரும்பினால், கிடைத்த வாய்ப்பையும் பாழாக்கினார் என்பது மூன்றாம் பழி. இம்மூன்றிற்கும் அடியிலே கிடப்பது ஒரே எண்ணம்: உடல் மனத்தின் பணியாள், பணியாள் கீழ்ப்படியாவிடின் ஏவியவனே குற்றவாளி. இவ்வெண்ணம் உண்மையா? உண்மையன்றெனின், மனிதன் தன் உடலுக்கு எவ்வளவிற்குப் பொறுப்பாளி? வைத்தியத் துறைக்குரியதாகத் தோன்றும் இவ்விடயம் அறவியலுக்குரிய வினாவொன்றை எழுப்புவதனாலேயே அதனை இங்கு ஆராய முற்படுகின்றோம்.

முதலில் இச்சிகிச்சையின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குதல் நன்று. 1954 ஆம் ஆண்டு அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரெமன் முதலியோர், சிறுகுடலின் பெரும்பகுதியினூடாக உணவு செல்லாதவாறு குடலை மாற்றி இணைக்கும் முறையொன்றை வெளியிட்டனர். உண்டது உடலிற் சேராது வெளியேறியமையால் எடை குறைந்தது. ஆயின் ஓயாத வயிற்றோட்டமும் சிறுநீரகக் கற்களும் ஈரல் நோயும் நோயாளரை வாட்டின. அம்முறை பின்னர் கைவிடப்பட்டது. 1966 ஆம் ஆண்டளவில் அயோவாப் பல்கலைக்கழகத்து வைத்தியர் எட்வேர்ட் மேசன் வேறொரு வழியைக் கண்டார். வயிற்றுப்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதி நீக்கப்பட்டவர்கள் மெலிந்தே இருந்தமை அவரது சிந்தனையைத் தூண்டிற்று. இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாகப் பிரித்து அதனை நேரே சிறுகுடலோடு இணைக்கும் முறை அவ்வாறு பிறந்ததே. இன்று மிகுதியாகச் செய்யப்படுவது பிறிதொரு முறை: இரைப்பையின் முக்காற் பங்கிற்கு மேல் நெடுக்காக வெட்டியகற்றி, ஒடுங்கிய குழாய் போன்ற பகுதியை மட்டும் விட்டுவைப்பர். வயிற்றைப் பிளவாது சிறு துளைகளினூடாகச் செய்யப்படுவதால், சத்திரசிகிச்சையினால் நேரும் மரணம் இப்பொழுது நூற்றுக்கு ஒன்றிலும் குறைவு.

இச்சிகிச்சை எவர்க்குரியது என்பதற்கும் அளவுகள் உள. எடையைக் கிலோகிராமிற் கண்டு, மீற்றரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வருவது உடற்றிணிவுச் சுட்டி. அது 40 அல்லது அதற்கு மேலாயின், அல்லது நீரிழிவு போன்ற நோய்களுடன் 35 ஆயின் சிகிச்சை தகும் என 1991 ஆம் ஆண்டு அமெரிக்க வைத்திய அறிஞர்கள் வரையறுத்தனர். 2022 ஆம் ஆண்டில் இவ்வெல்லை தளர்த்தப்பட்டது. குறைந்த எடையிலேயே நீரிழிவுக்கு ஆளாகும் ஆசிய மக்களுக்கு 27.5 என்ற அளவிலேயே இதனைக் கருதலாம் என்பது அப்புதிய பரிந்துரை. இது நம் நாட்டவரும் கவனிக்க வேண்டியதொன்று.

இனி, "வாயைக் கட்டினால் ஆகாதா?" என்ற வினாவிற்கு வருவோம். இதற்குரிய விடையின் முதற்பகுதி, மேற்குறித்த மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்திலேயே 1944, 1945 ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த ஒரு சோதனையிற் கிடைக்கின்றது. போரினாற் பட்டினியுற்ற ஐரோப்பிய மக்களை மீட்கும் வழியை அறியும்பொருட்டு, அன்சல் கீஸ் என்னும் அறிஞர் 36 இளைஞர்களை ஏறத்தாழ அரைவயிற்று உணவில் 24 வாரம் வைத்திருந்தார். அவ்விளைஞர்கள் யார்? மனச்சான்றின் பெயரால் ஆயுதமேந்த மறுத்தவர்கள். ஊரின் ஏளனத்தையும் அரசின் கெடுபிடியையும் பொருட்படுத்தாது கொள்கைக்காக நின்றவர்கள். தாமாக முன்வந்து இச்சோதனைக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தவர்கள். மனவுறுதியில் அவர்களை விஞ்சியோரைக் காண்டல் அரிது. அவர்கள் பருமனானோருமல்லர். ஆயின் எடையிற் காற்பங்கு குறைந்ததும் அவர்களது எண்ணமெல்லாம் உணவேயாயிற்று. சமையற் குறிப்புகளைச் சேகரித்தனர், கனவிலும் உண்டனர். சோதனை முடிந்து வயிறார உண்ட பின்னரும் பலருக்குப் பசி அடங்கவில்லை. கொள்கையில் அசையாத மனிதரைப் பசி அசைத்தது. எடையை இழக்கும் உடல் அதனை மீளப் பெறப் போராடும் என்பதை இச்சோதனை காட்டிற்று.

அப்போராட்டத்தின் கருவிகள் எவை என்பது பிற்காலத்திலேயே விளங்கியது. 1999 ஆம் ஆண்டு யப்பானிய அறிஞர்கள் கிரெலின் என்னும் ஓமோனைக் கண்டறிந்தனர். பெரும்பாலும் இரைப்பையிற் சுரக்கும் அது மூளைக்குப் பசியை அறிவிப்பது. உணவைக் குறைத்து மெலிந்தவர்களின் குருதியில் அது கூடுகின்றதென்பது 2002 ஆம் ஆண்டு வெளியான ஆய்வின் முடிபு. மெலிந்து ஓராண்டு கழிந்த பின்னும் பசியைத் தூண்டும் ஓமோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்பது 2011 ஆம் ஆண்டு வெளியான அவுஸ்திரேலிய ஆய்வொன்றின் முடிபு. அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியொன்றிற் கடும் உடற்பயிற்சியாலும் உணவுக் கட்டுப்பாட்டாலும் பெருமளவு மெலிந்த 14 பேரை ஆறு ஆண்டுகளின் பின் ஆராய்ந்தபோது, பெரும்பாலானோர் இழந்த எடையின் பெரும்பகுதியை மீளப் பெற்றிருந்தனர். அவர்களது உடல் ஓய்விலிருக்கையிற் செலவிடும் சக்தி, எதிர்பார்க்கத்தக்க அளவிலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைந்திருந்தது. இதனை வெளியிட்டது 2016 ஆம் ஆண்டு ஆய்வு.

சத்திரசிகிச்சை இப்போராட்டத்தின் போக்கையே மாற்றுகின்றது. இரைப்பை சிறுத்துவிடுவதால் உணவு குறைகின்றது என்பது உண்மையின் ஒரு பாதி. மறுபாதி, பசியையும் நிறைவையும் அறிவிக்கும் ஓமோன்கள் மாறிவிடுகின்றன என்பது. நீரிழிவாளர் பலரின் குருதிச் சீனி, எடை குறையுமுன், சில நாள்களிலேயே சீராகின்றது. இவ்வியப்பை வோல்ற்றர் போரிஸ் என்னும் அமெரிக்கச் சத்திரவைத்தியர் 1995 ஆம் ஆண்டு எழுதியபோது வைத்திய உலகம் திகைத்தது. குடலை மாற்றியமைத்தவுடன் பசியின் குரல் தாழ்கின்றதெனின், முன்னர் உயர்ந்து ஒலித்த குரலை ஒழுக்கக்கேடென்று கூறுதல் எங்ஙனம் பொருந்தும்? ஒருவரின் குணத்தைச் சத்திரவைத்தியரின் கத்தி திருத்துவதில்லை. கத்தியால் திருந்தியது உடலின் ஒரு கோளாறே.

நம் இலக்கியத்திலும் இதற்கொத்த பார்வையைக் காணலாம். மணிமேகலைக் காப்பியத்திலே காயசண்டிகை என்பாள் யானைத்தீ என்னும் அடங்காப் பசியால் வருந்துகின்றாள். முனிவரின் சாபத்தால் அது வந்ததெனச் சாத்தனார் காரணங் காட்டுகின்றார். சாபமென்ற விளக்கத்தை நாம் ஏற்கமாட்டோம். ஆயினும், பெருந்தீனி என்று இகழ்வதற்கு மாறாக, அதனைத் தீர்க்கவேண்டிய நோயாகக் கண்டு உணவளித்துத் தீர்த்த அருளுணர்வு நாம் மறந்துவிடத்தக்கதன்று.

முதலிரு பழிகளும் இவ்வாறு நிலைகுலைகின்றன. மூன்றாம் பழியோ இன்னும் நுணுக்கமானது. சத்திரசிகிச்சையின் பின் எடை திரும்புவது ஏன்? 1987 ஆம் ஆண்டு சுவீடனில் தொடங்கிய பேராய்வு இதற்கு ஒளி தருகின்றது. சத்திரசிகிச்சை பெற்ற 2010 பேரையும் பெறாத 2037 பேரையும் அது பல ஆண்டுகள் தொடர்ந்து நோக்கியது. பெறாதோர்க்கு வழக்கமான வைத்திய ஆலோசனை கிடைத்தது. அவர்களது சராசரி எடை 15 ஆண்டுகளில் நூற்றுக்கு இரண்டளவும் மாறவில்லை. மேசன் வகுத்த வழியிற் சிகிச்சை பெற்றோர் முதல் ஓரிரு ஆண்டுகளில் நூற்றுக்கு 32 பங்கு எடை இழந்தனர். பத்தாண்டின் பின் அது 25 பங்காக நின்றது. ஆகவே, சிறிதளவு எடை திரும்புவது பொது வழக்கு. அது தனிமனிதனின் தோல்வியன்று. 2020 ஆம் ஆண்டு வெளியான முடிபு இன்னுஞ் சிந்திக்கத்தக்கது: சிகிச்சை பெற்றோர் பெறாதோரிலும் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தனர், ஆயின் பொதுமக்களின் ஆயுளினும் அவர்களது ஆயுள் ஐந்தரை ஆண்டுகள் குறைந்தேயிருந்தது. கத்தி பெரும்பயன் தருகின்றது, முழுவிடுதலை தருவதில்லை.

அவ்வாறாயின் நோயாளியின் கையில் ஒன்றுமேயில்லையா? உண்டு, அது வாழ்நாள் முழுவதும் நீள்வது. உணவை மென்று மெதுவாகச் சிறிது சிறிதாக உண்ணல் வேண்டும். புரதத்தை முதலில் உண்ணல் வேண்டும். சீனி மிகுந்தவற்றை விரைந்து உட்கொண்டால் வியர்வையும் படபடப்பும் மயக்கமும் நேரும். விற்றமின் பி12, இரும்புச்சத்து, கல்சியம், விற்றமின் டி ஆகியவற்றை நாள்தோறும் பெறல் வேண்டும். தவறின் இரத்தச்சோகையும் எலும்புத் தேய்வும் நரம்புக் கேடும் தொடரும். மது குருதியில் விரைந்து ஏறுவதால் அதற்கு அடிமையாகும் ஆபத்தும் கூடுகின்றது. ஆண்டுதோறும் குருதிச் சோதனை தேவை. இவற்றையெல்லாம் செய்பவரைக் குறுக்குவழி நாடியவர் என்பது நகைப்பிற்கிடமானது.

இங்கேதான் பழியையும் பொறுப்பையும் வேறுபிரித்து அறிதல் வேண்டும். பழி நடந்ததை நோக்குவது, "யார் கெடுத்தது?" என வினவுவது. பொறுப்பு நடக்கவேண்டியதை நோக்குவது, "யார் என்ன செய்தல் வேண்டும்?" என வினவுவது. கிட்டப்பார்வையோடு பிறந்த பிள்ளையை எவரும் பழிப்பதில்லை; கண்ணாடியை அணிந்துகொள்ளும் பொறுப்போ அப்பிள்ளைக்குண்டு. வாங்கிக் கொடுக்கும் பொறுப்பு பெற்றோர்க்குண்டு. பெற்றோரால் இயலாவிடின் சமுதாயத்திற்குண்டு. பழியில்லாத இடத்திலும் பொறுப்பு உண்டு என்பதும், பொறுப்பு ஒருவரோடு நின்றுவிடுவதில்லை என்பதும் இதனாற் புலனாகும்.

மேலே கூறிய கடமைகளைத் தொழிலாளி ஒருவர் எங்ஙனம் நிறைவேற்றுவார்? இராமுறை வேலைசெய்பவருக்கு மெதுவாக மென்று உண்ண எத்தனை நிமிடம் அளிக்கப்படுகின்றது? பருப்பும் மீனும் முட்டையும் எட்டாத விலையிலிருக்க, பாணும் சீனியும் மலிந்திருப்பின் அவர் எதனை வாங்குவார்? ஆண்டுதோறும் சோதனைக்காக ஒருநாட் கூலியை இழக்க அவரால் இயலுமா? இச்சிகிச்சையின் நீடித்த பயன் வீட்டின் அடுக்களையிலும் தொழிற்சாலையின் மணிக்கூட்டிலும் வைத்தியசாலையின் மருந்தகத்திலும் தங்கியுள்ளது.

முற்காலத்து முற்போக்குச் சித்திரகாரர் சுரண்டுவோனை வரையும்போது பருத்த வயிற்றையே அடையாளமாகக் கொண்டனர். அக்காலத்தில் அதற்குப் பொருளிருந்தது. இன்று செல்வந்த நாடுகளில் நிலைமை தலைகீழாயிற்று; அங்கே வறிய பெண்களிடையேதான் பருமன் மிகுதி. செல்வர் தேர்ந்த உணவும் பயிற்சிக்கு நேரமும் வாங்குகின்றனர்; வறியவர் மலிந்த மாவையும் இனிப்பையும் வாங்குகின்றனர். பருத்த உடலைச் சுரண்டலின் சின்னமாகக் கண்டு நகைக்கும் பழக்கம் இன்று சுரண்டப்பட்டவரையே நகைப்பதாக முடியும்.

சிலர் ஒரு மறுப்பை எழுப்பலாம்: "காரணம் சமுதாயத்தில் இருக்கத் தனிமனிதனின் இரைப்பையை வெட்டுதல் எதற்கு?" கேட்பதற்கு முற்போக்கானதாக ஒலிக்கும் இவ்வாதம் இரக்கமற்றது. வாந்திபேதிக்குக் காரணம் தூயநீர் இன்மை. அதற்காகப் படுக்கையிற் கிடப்பவருக்குச் சேலைன் ஏற்ற மறுப்பாருண்டோ? மாறாக, சேலைன் இருக்கின்றதென்று கிணற்றைத் துப்புரவாக்காது விடுவதும் தகாது. 2014 ஆம் ஆண்டு மெக்சிக்கோவும் 2018 ஆம் ஆண்டு பிரித்தானியாவும் இனிப்புப் பானங்கள்மீது வரி விதித்தன. இலங்கையும் 2016 ஆம் ஆண்டு அப்பானங்களின் சீனியளவை நிறக்குறியாற் காட்டச் செய்தது. 2017 ஆம் ஆண்டு சீனியளவிற்கேற்ப வரியும் விதித்தது. இவை சிறிய அடிகளே. எனினும் திசை சரியானது.

இன்று பசியைத் தணிக்கும் ஊசிமருந்துகளும் வந்துள்ளன. 2021 ஆம் ஆண்டு அமெரிக்காவில் எடைக்குறைப்புக்காக அனுமதிக்கப்பட்ட செமாகுளுரைட் அவற்றுள் ஒன்று. அதனை நிறுத்தியோர் ஓராண்டினுள் இழந்த எடையில் மூன்றிலிரண்டு பங்கை மீளப் பெற்றனர் என 2022 ஆம் ஆண்டு ஆய்வு காட்டிற்று. ஒருபுறம் சீனியை விற்பாரும் மறுபுறம் மாற்றினை விற்பாரும் இலாபமீட்ட, இடையில் நிற்கும் மனிதன்மேற் பழி மட்டும் இலவசமாக ஏற்றப்படுகின்றது.

ஆசிரியரும் மாணவருமாகிய நம் கையிலும் செய்யத்தக்கவை சில உள. பருமனான பிள்ளையைப் பள்ளி நாடகத்திற் கோமாளியாக்குவதையும், பட்டப்பெயரிட்டு அழைப்பதையும், விளையாட்டுத் திடலில் ஒதுக்கி நிறுத்துவதையும் நாம் தடுக்கலாம். பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில் எது விற்கப்படுகின்றதென்று கேட்கலாம். சத்திரசிகிச்சை செய்துகொண்ட சக ஆசிரியரிடம் "எத்தனை கிலோ குறைந்தது?" என்று வினவுவதை விடுத்து, ஆறுதலாக உண்ண அவருக்கு நேரங் கிடைக்குமாறு பாடவேளைகளை ஒழுங்கு செய்யலாம். எடை சிறிது திரும்பின், வெட்கத்தால் வைத்தியரிடம் போகாது ஒளிந்திருப்பவரைப் போகுமாறு தூண்டலாம். பழிக்கு அஞ்சி மறைபவர் சிகிச்சையை இழக்கின்றார். பொறுப்பைப் பகிர்ந்துகொள்வார் உளரெனக் கண்டால் அவர் மீண்டும் வருவார்.