மீளும் தேர்வும் மீளா வினையும்: தனிப்படைப்பாளரின் ஊடாட்டக் கதைகளில் வாசகப் பொறுப்பு

முன்னுரை

கதையைக் கேட்பவர் கதைக்குள் வினையாற்றுவதில்லை என்பது இலக்கியக் கொள்கைகள் பலவற்றின் சொல்லப்படாத அடிப்படையாகும். சிலப்பதிகாரத்தில் கோவலன் கொலையுண்பதைப் படிப்பவர் வருந்துவர்; அக்கொலைக்குத் தாம் பொறுப்பு என்று எவரும் கருதுவதில்லை. சூழ்ச்சி செய்தவன் பொற்கொல்லன். ஆராயாது ஆணையிட்டவன் பாண்டியன். பின்னின்று இயக்கியது ஊழ். படிப்பவர் மூவரையும் பார்த்து நிற்கும் நான்காமவர்.

கணினி வழிப்பட்ட ஊடாட்டக் கதைகளில் இந்நிலை மாறுகிறது. எழுத்து, ஓவியம், இசை, குரல், அசைவு ஆகியன கலந்த இக்கதைகள் வாசகர் ஒன்றைச் செய்தாலன்றி மேலே நகர்வதில்லை. ஆணையிடும் இடத்தில் வாசகரே அமர்த்தப்படுகிறார். அவ்வாறாயின், அங்கு நிகழும் தீங்கிற்குப் பொறுப்பு யாருடையது? படைத்தவருடையதா, தேர்ந்தவருடையதா, அன்றிக் கற்பனை என்பதால் எவருடையதும் அன்றா? இவ்வினாவைத் தனிப்படைப்பாளர்களும் சிறு குழுவினரும் உருவாக்கிய நான்கு படைப்புகளைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

ஊடாட்டக் கதையும் தனிப்படைப்பாளரும்

வில்லியம் கிரௌதர் 1976இல் எழுதி, டான் வுட்ஸ் 1977இல் விரிவாக்கிய 'அட்வென்ச்சர்' என்னும் கணினிக் குகைக் கதை இவ்வகையின் தொடக்கங்களுள் ஒன்று. அச்சு நூலில் எட்வர்டு பேக்கார்டு 1979இல் வெளியிட்ட 'தி கேவ் ஆஃப் டைம்' வாசகரை முன்னிலையில் விளித்து, பக்கந்தோறும் வழியைத் தேரச் செய்தது. கிறிஸ் கிளிமாஸ் 2009இல் வெளியிட்ட 'ட்வைன்' என்னும் இலவச மென்பொருள், நிரல் எழுதும் பயிற்சி இல்லாதவரும் கிளைக்கதை படைக்க வழி செய்தது. பெருநிறுவனங்களின் முதலீடும் பணியாளர் படையும் இன்றி, ஒருவரோ சிலரோ கதை எழுதி, படம் வரைந்து, இசை அமைத்து, நிரலும் எழுதி வெளியிடுதல் இவ்வாறு பெருகிற்று.

இதில் ஓர் அறவியல் கூறு அடங்கியுள்ளது. பல நூறு பேர் கூடி ஆக்கும் படைப்பில் 'இதை ஏன் இவ்வாறு அமைத்தீர்' என்று கேட்டால் விடை சொல்லும் முகம் ஒன்றில்லை. தனிப்படைப்பாளருக்கு அந்த மறைவிடம் கிடையாது. வாசகர் முன் வைக்கப்பட்ட ஒவ்வொரு தேர்வும் ஒருவர் எண்ணி அமைத்ததே. எனவே வாசகப் பொறுப்பைப் பற்றிப் பேசுவதற்குத் தனிப்படைப்பாளரின் ஆக்கங்களே தெளிவான களமாகின்றன.

இரங்கலும் நாணலும்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகை என்னும் மெய்ப்பாட்டிற்கு இழிவு, இழப்பு, தளர்ச்சி, வறுமை என நான்கு நிலைக்களன்களைக் கூறும். இவை ஒருவருக்கு நேர்வன. ஒருவர் செய்வன அல்ல. தன் வினையால் பிறர்க்கு விளைந்த கேட்டை எண்ணி உள்ளம் சுருங்குதல் இந்நான்கனுள் நேராக அடங்காது. எண்வகை மெய்ப்பாட்டிற்கு அப்பால் அவ்வியல் தொகுத்துரைக்கும் முப்பத்திரண்டனுள் இடம்பெறும் நாணல் இதற்குச் சற்று நெருங்கியது எனலாம்.

இவ்வேறுபாட்டை ஆங்கில மெய்யியலாளர் பெர்னார்டு வில்லியம்ஸ் 1976இல் அறநற்பேறு குறித்து எழுதிய கட்டுரையில் வேறொரு வழியில் விளக்கினார். தன் தவறு ஏதுமின்றி ஒரு குழந்தையின் மீது வண்டியை ஏற்றிவிட்ட ஓட்டுநரை அவர் எடுத்துக்காட்டாக்குகிறார். அருகில் நின்று கண்டவரும் வருந்துவர், ஓட்டுநரும் வருந்துவார். எனினும் இரு வருத்தங்களும் ஒன்றல்ல. ஓட்டுநரின் வருத்தத்தில் 'என் கையால் நேர்ந்தது' என்பது கலந்துள்ளது. இதனைச் செய்தோன் வருத்தம் எனலாம்.

அச்சிட்ட கதை காண்போன் வருத்தத்தைத் தரும். ஊடாட்டக் கதை செய்தோன் வருத்தத்தைத் தரக்கூடும். இவ்வகைக்குரிய தனித்தன்மை கிளைகளின் எண்ணிக்கையில் இல்லை. இரங்கலிலிருந்து நாணலுக்கு வாசகரை நகர்த்தும் ஆற்றலில் உள்ளது.

கருணையின் விலை: 'பேப்பர்ஸ், ப்ளீஸ்'

லூகாஸ் போப் என்பவர் தனியே உருவாக்கி 2013இல் வெளியிட்ட 'பேப்பர்ஸ், ப்ளீஸ்', 1982ஆம் ஆண்டில் அர்ஸ்டோட்ஸ்கா என்னும் கற்பனை நாட்டின் எல்லைச் சாவடியில் நிகழ்கிறது. வாசகர் அங்கு ஆவணங்களைச் சரிபார்க்கும் அலுவலர். எத்தனை பேரின் ஆவணங்களைப் பார்த்து முடிக்கிறாரோ அதற்கேற்பக் கூலி. அக்கூலியில் வாடகை, உணவு, குளிர்காய் வெப்பம், குடும்பத்தாரின் மருந்து ஆகியவற்றை ஈடுகட்ட வேண்டும்.

தொடக்க நாள்களில் ஒரு கணவன் வருகிறான். அவன் ஆவணங்கள் முறையாக உள்ளன. அவனை அடுத்து அவன் மனைவி வருகிறாள். அவளிடம் நுழைவு அனுமதி இல்லை. திரும்பிச் சென்றால் உயிர் போகும் என்று மன்றாடுகிறாள். விதியை மீறி அவளை உள்ளே விட வாசகரால் இயலும். ஒரு நாளில் நேரும் முதல் இரண்டு பிழைகளுக்கு எச்சரிக்கை மட்டுமே, மூன்றாவதிலிருந்து தண்டத்தொகை. ஆகவே அச்சாவடியில் நாளொன்றுக்கு இரண்டு முறை விலையின்றிக் கருணை காட்டலாம். கவனக்குறைவால் அவ்விரண்டையும் முன்னரே செலவிட்டவர், மூன்றாவது கருணையைத் தன் குடும்பத்தின் மருந்துப் பணத்திலிருந்து காட்ட வேண்டும்.

'இது வெறும் கற்பனை. அங்கு எவரும் சாவதில்லை' என்னும் மறுப்பிற்கு இவ்விடத்தில் விடை காணலாம். அப்பெண் கற்பனை என்பது உண்மை. ஆயின் கடிகாரம் ஓடுகையில் அவள் சொற்களைப் படிக்காமலே முத்திரை குத்திய விரைவு கற்பனை அன்று, அது வாசகருடையது. கதைக்குள் விளைந்த தீங்கு பொய்யாயினும் அத்தீங்கிற்கு இடம் தந்த மனநிலை மெய்யாக நிகழ்ந்தது. செய்தோன் வருத்தம் பற்றிக்கொள்வது அம்மனநிலையையே.

எனினும் ஒரு நெகிழ்ச்சி உள்ளது. கடந்துபோன எந்நாளுக்கும் திரும்பிச் சென்று வேறு வகையாகத் தேர இப்படைப்பு இடம் தருகிறது. குடும்பத்தை இழந்தவர் மூன்று நாள் பின்சென்று அவர்களை மீட்கலாம். இவ்வசதி கணினிக் கதைகளில் பொதுவானது; அறவியல் நோக்கில் அதுவே சிக்கலானதும் ஆகும்.

செய்யாததாக்குதல்: 'அண்டர்டேல்'

திருக்குறள் வினைத்தூய்மை அதிகாரத்தில், பின்னர் இரங்க நேரும் வினையைச் செய்யலாகாது என்று வள்ளுவர் கூறி, செய்துவிட்டவனுக்கும் ஒரு நெறி உரைக்கிறார் (655). அந்நெறியை உரையாசிரியர்கள் வேறுபடக் கொள்கின்றனர். செய்தபின் அதனை எண்ணி இரங்கிக்கொண்டிராமை நன்று என்பது பரிமேலழகர் கொண்ட பொருள். அத்தகைய வினையை மீண்டும் செய்யாமை நன்று என்பது மணக்குடவர் கொண்ட பொருள். இருவரும் உடன்படும் ஒன்று உண்டு: செய்தது செய்ததே. செய்ததைச் செய்யாததாக்கும் மூன்றாவது வழி இருவர் உரையிலும் இல்லை, இருக்கவும் இயலாது.

கணினிக் கதை அம்மூன்றாவது வழியைத் திறந்துவிட்டது. சேமித்து வைத்த இடத்திற்குத் திரும்பும் வாசகர் இரங்க வேண்டியதில்லை; மீண்டும் செய்யாதிருக்க உறுதி பூண வேண்டியதும் இல்லை. நிகழ்ந்ததை நிகழாததாக அறிவித்துவிடலாம். விலையின்றி மீளத்தக்க தேர்வு அறத்தேர்வு ஆகுமா என்பதே இங்கு எழும் வினா.

டோபி ஃபாக்ஸ் பெரும்பாலும் தனியே உருவாக்கி 2015இல் வெளியிட்ட 'அண்டர்டேல்' இவ்வினாவையே தன் கதைப்பொருளாக்கியது. நிலத்தடி உலகில் எதிர்ப்படும் உயிர்களைக் கொல்லலாம். கொல்லாமல் பேசியும் பொறுத்தும் விட்டுவிடலாம். தொடக்கத்தில் குழந்தையைப் பேணும் தாய்போல் டோரியேல் என்பவள் வருகிறாள். அவளைக் கொன்ற வாசகர் மனம் பொறாது, சேமித்த இடத்திற்குத் திரும்பி, இம்முறை கொல்லாமல் விட்டுச்செல்கிறார் எனக் கொள்வோம். அடுத்துத் தோன்றும் பேசும் மலர், முன்னர் அவர் அவளைக் கொன்றதையும் வருந்தித் திரும்பி வந்ததையும் சொல்லிக்காட்டுகிறது. உலகம் மறந்ததைக் கதை மறக்கவில்லை.

இன்னும் கடுமையான இடமும் உண்டு. எதிர்ப்பட்ட அனைவரையும் தேடித் தேடிக் கொன்று அவ்வழியின் முடிவை அடைந்தவர், அழிந்த உலகை மீளப் பெற ஒரு விலை தர நேர்கிறது. அதன் பின்னர் ஒருவரையும் கொல்லாது நன்முடிவை அடைந்தாலும் அந்நன்முடிவில் ஒரு கறை படிந்தே தோன்றும். கணினியில் உள்ள பதிவுக் கோப்புகளைத் தேடி அழித்தால் அக்கறையும் நீங்கும் என்பது மெய். ஆயின் சான்றை அழிக்கத் துணிவதும் ஒரு வினையே. அதனைச் செய்பவர் தாம் எதை அழிக்கிறோம் என்று அறிந்தே செய்கிறார்.

தேர்வில்லாக் கதையின் நேர்மை

இதற்கு மறுதலையான ஒரு படைப்பையும் நோக்குதல் வேண்டும். ரயன் கிரீன், எமி கிரீன் இணையரும் சிறு குழுவினரும் 2016 சனவரியில் வெளியிட்ட 'தட் டிராகன், கேன்சர்', அவ்விணையரின் மகன் ஜோயலைப் பற்றியது. ஒரு வயதளவில் புற்றுநோய் கண்டறியப்பட்ட அக்குழந்தை 2014 மார்ச்சில் இறந்தது. குழந்தையின் மெய்யான சிரிப்பொலியும் பெற்றோரின் குரலும் வரைந்த காட்சிகளோடு கலந்து வருகின்றன. மருத்துவமனை இரவொன்றில் நாவறட்சியால் குழந்தை அழுகிறது. தூக்கலாம், ஆட்டலாம், பருகக் கொடுக்கலாம். இவற்றுள் எதனாலும் அழுகை அடங்குவதில்லை.

இங்கு வாசகர் கை இயங்குகிறது. ஆனால் முடிவு அக்கைக்கு உட்பட்டதன்று. நோயுற்ற குழந்தையின் தந்தைக்கு உலகம் தராத தேர்வை வாசகருக்கு மட்டும் தந்திருந்தால் அது பொய்யாகியிருக்கும். தன் இசைவைச் சொல்ல இயலாத குழந்தையின் சாவைப் பொதுவில் வைக்கலாமா என்னும் வினாவும் எழும். அதற்கு முழு விடை இல்லை. ஆயினும் அச்சாவை வென்றும் தோற்றும் விளையாடும் பொருளாக்க மறுத்தமை அவ்வினாவிற்கு அப்பெற்றோர் அளித்த ஒரு மதிப்பான விடை எனக் கொள்ளலாம்.

அதற்கு அவர்கள் விலையும் கொடுத்தனர். பிறர் விளையாடுவதைப் பதிவு செய்த முழுநீளக் காணொளிகளைப் பலர் கண்டனர். அதனோடு நிறைவும் கொண்டனர். விற்பனையிலிருந்து தம் குழுவிற்கு அதுவரை வருவாய் கிட்டவில்லை என்று ரயன் கிரீன் 2016 மார்ச்சில் எழுதினார். தேர்வு முடிவை மாற்றாத கதையில், செய்வதற்கும் காண்பதற்கும் வேறுபாடு இல்லை என்று பார்வையாளர் கருதினர் போலும். அழும் குழந்தையைத் தேற்ற முயன்று தோற்பதும் பிறர் தோற்பதைப் பார்ப்பதும் வேறு வேறு என்பதை முயன்றவரே அறிவர். வில்லியம்ஸ் சுட்டிய வேறுபாடு இங்கு ஒரு குழுவின் வருவாயையும் தொட்டது.

கனடாவின் டொரோண்டோ நகரைச் சார்ந்த விசை கேம்ஸ் குழு 2023இல் வெளியிட்ட 'வெண்பா'வும் இவ்வாறு கிளையாத கதையே. 1980களின் இறுதியில் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் தாய் வெண்பா, தன் தாயின் சிதைந்த சமையற் குறிப்பேட்டைக் கொண்டு சமைக்கிறாள். அழிந்த வரிகளை வாசகர் ஊகித்து நிரப்ப வேண்டும். இட்டலி பிழைத்தால் மீண்டும் வார்க்கலாம். மகன் தாய்மொழியை விட்டு விலகுவதை மட்டும் வாசகர் எவ்வளவு முயன்றாலும் தடுக்க இயலாது. எது மீளும், எது மீளாது என்பதை அடுப்படியிலேயே பிரித்துக் காட்டுகிறது இப்படைப்பு.

படைப்பாளரின் கடன்

வாசகர் தேர்ந்தார் என்பதனால் படைப்பாளர் பொறுப்பினின்று நீங்கிவிடுவதில்லை. கொல்வதன்றி வேறு வழியை அமைக்காது, கொன்றபின் வாசகரைக் கொலைஞர் என்று பழிப்பது நேர்மையன்று. 'அண்டர்டேல்' தன் வாசகரைக் கடியும் உரிமையைப் பெறுவதற்குக் காரணம், பேசித் தீர்க்கலாம் என்பதை டோரியேல் வாயிலாகத் தொடக்கத்திலேயே கற்பித்தமையாகும். மாற்று வழியைக் காட்டாத படைப்பாளர் குற்றஞ்சாட்ட இயலாது.

அவ்வாறே, தேர்வு உண்டு என்று காட்டி, எதைத் தேர்ந்தாலும் ஒன்றே நிகழுமாறு மறைவாக அமைத்தலும் ஏமாற்றே ஆகும். தேர்வில்லை என்பதை ஒளிக்காத 'தட் டிராகன், கேன்சர்' இக்குற்றத்திற்கு ஆட்படவில்லை. வழியை முன்னரே காட்டுதல், இல்லாத வழியை உண்டெனக் காட்டாமை, தேர்ந்ததன் விளைவை எளிதில் அழியவிடாமை ஆகியன படைப்பாளர் கடன் எனத் தொகுத்துக் கூறலாம். இக்கடன் நிறைவேறிய அளவிற்கே வாசகர்மேல் பொறுப்பு ஏறும்.

முடிவுரை

பாண்டியன் தன் ஆணை தவறானது என்று அறிந்த கணத்தில் உயிர் நீத்தான். முந்தைய நாளுக்குத் திரும்பிச் சென்று காவலரிடம் 'ஆராய்ந்து வருக' என்று சொல்லும் வாய்ப்பு அவனுக்குத் தரப்பட்டிருந்தால், அவன் அரியணை தப்பியிருக்கும். அறம் தப்பியிருக்குமா என்பது ஐயமே. வினை மீளாது என்பதனாலேயே தேர்வதற்கு முன் ஆராய்தல் கடமையாகிறது.

ஊடாட்டக் கதைகள் வாசகரை ஆணையிடும் இருக்கையில் அமர்த்துகின்றன. அவ்விருக்கையின் சுகத்தை மட்டும் தந்து அதன் சுமையை நீக்கிவிடுபவை பொழுதுபோக்காக நின்றுவிடும். சுமையையும் உடன் தருபவை, அச்சிட்ட கதை எளிதில் எட்டாத நாணல் என்னும் உணர்வு வரை வாசகரை அழைத்துச் செல்லும். இவற்றை இலக்கியத்தின்பாற் சேர்ப்பதா என்று முடிவு செய்வோர், அவை எத்தனை கிளைகளைத் தருகின்றன என்பதைவிட, தேர்ந்ததை எவ்வளவு நினைவில் வைத்திருக்கின்றன என்பதையே அளவுகோலாகக் கொள்ளுதல் தகும்.