சொட்டுவது ஓரிடம்...

விக்கிரமங்கலத்தில் எங்கள் வீடு பழைய ஓட்டு வீடு. அடுப்படியில் செங்கல் புகைபோக்கி. கேஸ் வந்து வருஷங்கள் ஆகியும் அம்மா அதை இடிக்க விடவில்லை. ஐப்பசி மழையில் அதன் ஓரமாகச் சொட்ட ஆரம்பித்தது.

சித்திரையில் ஓடு மாற்றிய கொத்தனாருக்கு ஐந்நூறு ரூபாய் பாக்கி. "ஒழுகுதே, அப்புறம் எதுக்குக் காசு?" என்றேன். பெரியவர் சண்டை போடவில்லை. "மழை விடட்டும் தம்பி, ஏறிப் பார்க்கிறேன்."

ஏறினார். என்னை உள்ளே நிறுத்திவிட்டு, கீழ் வரிசை ஓட்டிலிருந்து மேல்நோக்கிக் குடம் குடமாக ஊற்றிக்கொண்டே போனார். சொட்டவில்லை. புகைபோக்கியின் மேல்பக்க ஓரத்தில் ஊற்றினார். கொஞ்ச நேரம் கழித்து, இரண்டு முழம் தள்ளிச் சொட்டியது. தண்ணீர் கைமரத்தைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்திருக்கிறது!

அந்த ஓரத்து சிமென்ட் பூச்சில் விரல் நுழையும் விரிசல். ஆடி மாசம் நானே நின்று புகைபோக்கியில் மாட்டவைத்த டிஷ்ஷைக் காற்று ஆட்ட, டிஷ் புகைபோக்கியை ஆட்டியிருக்கிறது.

சுவரில் காடி வெட்டி, தகரத்தை மடித்துச் செருகினார். மேல்பக்க ஓட்டுக்கு அடியில், கீழ்ப்பக்க ஓட்டுக்கு மேலே. "ஓடு ஒரு மாதிரி அசையும், சுவர் ஒரு மாதிரி அசையும். நடுவுல வெறும் சிமென்ட் நிக்காது." சிமென்ட் ஆலைகள் நிறைந்த அரியலூர் மாவட்டத்துக்காரனுக்குப் புதுப் பாடம்!

கணக்கு இடித்தால், காரணம் தெரியும்வரை வித்தியாசத்தை 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்'டில் வைக்கணும் என்று பி.காமில் படித்தவன் நான். மனுஷன் விஷயத்தில் மட்டும் கைக்கு எட்டிய ஆள் பேரில் பற்று எழுதிவிட்டேன். அவர் எனக்குக் கீழே இருந்தார், அவ்வளவுதான் காரணம்.

இதே அரியலூர் அருகே 1956 நவம்பரில் மழை வெள்ளம் மருதையாற்றுப் பாலத்தைச் சாய்த்தது. தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். யாரோ ஒரு கேங்மேனைக் கைகாட்டித் தப்பித்திருக்கலாம். ரயில்வே அமைச்சர் லால்பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். பாலம் கட்டியவர் அவரில்லை. ஆனால், மேலே யார் என்று பார்த்தால் அவர்தான் இருந்தார்.

தண்ணீர் கீழே சொட்டும். ஓட்டை மேலேதான் இருக்கும். வீட்டிலும் ஆபீஸிலும் நாம் சொட்டுகிற இடத்தில் நிற்பவனைத்தான் திட்டுகிறோம்.

பாக்கியையும் அன்றைய கூலியையும் கொடுத்தேன். மனசு உறுத்தியதால் மேலே ஒரு நூறு. நூறை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டார். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இதோ, இங்கே எழுதுகிறேன். பத்திரிகை படிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை என்று தெரிந்துகொண்டே!